படத்தில் நிற்கும் வண்டி

மின்சாரத்தில் ஓடும் வண்டிகள் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த காலம். ஒரு தொழிற்பேட்டையின் கடைசி முனையில், மூடிக்கிடந்த ஒரு கம்பெனியின் வளாகத்தில், பத்துப் பேர் உட்காரக்கூடிய நீல நிற வேன் ஒன்று தனியாக நின்றிருந்தது.

புகையில்லாத வண்டிகளும் அவற்றுக்கான பேட்டரியும் செய்யட்டும் என்று அரசாங்கம் பத்துக் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்திருந்தது. ஒன்பது நன்றாக நடந்தன. இந்த ஒன்று மட்டும் நொடித்துப்போனது. கடைசியாகச் செய்த வேனுக்குப் பேட்டரி வாங்குவதற்குள் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். அதனால் அது ஒருநாள்கூட ரோட்டைப் பார்த்ததில்லை.

காவலுக்கு இருந்தவர் சவரிமுத்து. கேட்டை விட்டு அதிகம் நகரமாட்டார். மாதம் ஒருமுறை துணியோடு வந்து வேனைத் துடைப்பார். மற்ற நாட்களில் அதைத் தேடி வந்தவை வெயிலும் காட்டுக்கொடியும்தான்.

ஒருநாள் டிவி சேனலிலிருந்து இளம்பரிதி என்ற நிருபர் வந்தார். சின்ன சேனல். கேமராவையும் அவரே தோளில் தூக்கிவந்தார்.

சவரிமுத்து துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "ஒரு நிமிஷம் சார், கொடியப் பிச்சுப் போட்டுடறேன்."

"ஐயோ, அதை எடுத்துடாதீங்க. கொடிதான் வேணும்" என்றார் இளம்பரிதி.

கேமரா வேனின் முகத்தருகே வந்தது. இத்தனை பக்கத்தில் வந்து யாரும் அதைப் பார்த்ததில்லை.

"என்னைப் பார்க்கவா வந்தாய்?" என்று வேன் கேட்டது.

"உன்னைத்தான்" என்றது கேமரா. "நாளைக்கு ஊரே உன்னைப் பார்க்கும்."

வேனுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அரசாங்கக் கடன் பாழாய்ப் போனதற்குச் சாட்சியாகத்தான் தன்னைக் காட்டப்போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

அதன்பின் கேமரா அடிக்கடி வந்தது. எங்கேயாவது யாராவது கடன் கேட்டால் வந்தது; பட்ஜெட் என்றால் வந்தது. வேன் அதற்காகக் காத்திருக்கப் பழகிக்கொண்டது. இரண்டு வருகைகளுக்கு நடுவே இருந்த நாட்கள் ரொம்ப நீளமாக இருந்தன.

ஒருமுறை வேன் கேட்டது: "எதிர் கேட்டைப் பார். பேட்டரி கம்பெனி. எங்களுக்குக் கடன் கிடைத்த அதே நாளில்தான் அவர்களுக்கும் கிடைத்தது. மூன்று ஷிப்ட் ஓடுகிறது. அதையும் காட்டேன்."

"ஒருதடவை அந்தப் பக்கம் பார்த்தேன்" என்றது கேமரா. "ஆட்கள் சாப்பாட்டுப் பையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நன்றாக இருந்தது. தூக்கியிருந்த கை என்னை இந்தப் பக்கம் திருப்பிவிட்டது."

அடுத்த தடவை கேமரா தரையைப் பார்த்தபடியே வந்தது.

"என்ன ஆச்சு?" என்றது வேன்.

"கடன் ஆபீசுக்குப் போயிருந்தோம். மீன்பிடிப் படகுக்கு மின்சார மோட்டார் செய்கிற ஒரு பெண் வந்திருந்தாள். அதிகாரி அவளிடம் சொன்னார், 'மோட்டார் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அந்த நீல வேனை தெனமும் டிவியில காட்டுறாங்க. உங்களுக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு என் மூஞ்சியக் காட்டுவாங்க'ன்னு. அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள்."

"அதை எடுத்தாயா?"

"இல்லை. அந்த நேரம் மூடியைப் போட்டு என் கண்ணை மறைத்திருந்தார்கள். அழுகை காதில் மட்டும்தான் விழுந்தது."

"நீ இனிமேல் வராதே" என்றது வேன்.

அதைச் சொல்வது அதற்கு எளிதாக இல்லை. உலகத்தில் அதற்கிருந்த ஒரே விருந்தாளி கேமராதான்.

"நான் வரவேண்டிய தேவையே இல்லை" என்றது கேமரா. "உன் படம் நிறைய எடுத்தாகிவிட்டது. வேண்டும்போதெல்லாம் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்."

சொன்னபடியே அது பிறகு வரவில்லை. மழைக்காலம் வந்தது. கொடி கண்ணாடி வரை ஏறியது. சவரிமுத்துவுக்கும் முட்டி வலி. துடைக்க வருவது நின்றுபோனது. தான் வராதே என்று சொல்லி அனுப்பிய கேமராவையே வேன் பல நாள் நினைத்துக்கொண்டு நின்றது.

பிறகு வேன் ஏலத்துக்கு வந்தது. "டிவி வண்டியா? வேண்டாம்பா" என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். ஒரே ஒருத்தி கை தூக்கினாள். அவள் பெயர் பர்வீன். அந்தக் கம்பெனியில் இந்த வேனுக்கு வயரிங் செய்தவள்.

"ஏம்மா, தெரிஞ்சேதான் வாங்குறியா?" என்றார் சவரிமுத்து.

"என் கையால பூட்டுன வயருண்ணே. எனக்குத் தெரியாதா?"

எதிர் கம்பெனியிலிருந்தே பேட்டரி வந்தது. பர்வீன் இரண்டு நாள் வண்டிக்கடியில் படுத்து வேலை பார்த்தாள். மூன்றாம் நாள் காலை சாவியைத் திருப்பினாள். வேன் சத்தமில்லாமல் நகர்ந்தது. சவரிமுத்து கேட்டை முழுசாகத் திறந்துவிட்டுக் கைதட்டினார்.

பர்வீன் அங்கேயே நின்று சேனலுக்குப் போன் போட்டாள். "சார், நீங்க காட்டுவீங்களே நீல வேன், அது இப்ப ஓடுது. வந்து எடுங்க."

"நல்ல விஷயம்தாம்மா" என்றார் இளம்பரிதி. "ஆனா ஓடுற வண்டியில என்ன நியூஸ் இருக்கு?"

ரயில் நிலையத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் நடுவே பர்வீனே வேனை ஓட்ட ஆரம்பித்தாள். முதலில் இரண்டு பேர் ஏறினார்கள். மாதம் முடிவதற்குள் பத்து சீட்டும் நிறைந்தது. புகையும் குலுக்கலும் இல்லாததால் நோயாளிகள் அதற்காகவே காத்திருந்து ஏறினார்கள்.

ஒரு மத்தியானம், வழியில் எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். கடையில் டிவி ஓடியது. புதிதாக யாருக்கோ கடன் கொடுக்கப் போகிறார்களாம். திரையில் கொடி சுற்றிய நீல வேன் வந்தது. வாசலில் நின்ற வேன் அதைப் பார்த்தது.

"நம்ம காசை எப்படி அழிக்கிறாங்க பாரு" என்றார் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியவர்.

"ஒருநாள்கூட ஓடலையாமே" என்று உச்சுக்கொட்டினாள் பக்கத்திலிருந்த பூக்காரம்மா.

பர்வீன் டம்ளரைக் கீழே வைத்தாள். "அக்கா, அது இந்த வண்டிதான். நீங்க ஏறி வந்த வண்டி."

பூக்காரம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். சிரித்தாள்.

"சும்மா இரும்மா நீ. டிவியிலேயே காட்டுறாங்கல்ல?"

டீ முடிந்தது. ஒவ்வொருவராக வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியாக ஏறிய பெரியவர், "சீக்கிரம் எடும்மா, ரயில் போயிடும்" என்றார்.

வேன் கிளம்பியது. உள்ளே பத்துப் பேர் இருந்தார்கள். யாருமே ஏறாதது போல இருந்தது அதற்கு.