இளையாள் மடியில் பூனை

ரயில் வராத காலம். தஞ்சைப் பக்கம் ஒரு ஜமீன். ஜமீன்தார் வழக்கு விஷயமாகச் சென்னப்பட்டணம் போயிருந்த சமயத்தில், அவருடைய இளையாள் சிங்காரவல்லியைப் படம் எழுதினார் சித்திரக்காரர் நாகோஜி. சரி, படத்தைச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்காரவல்லி முற்றத்து ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் எரியும் குத்துவிளக்கு. மடியில் அவள் வளர்க்கும் வெள்ளைப் பூனை. அதன் பச்சைக் கண்ணுக்குள் கருமணி நூலாக ஒடுங்கியிருக்கிறது. உயிருள்ள எதையும் பார்த்தபடியே எழுதுவது நாகோஜியின் பிடிவாதம்.

ஊர் திரும்பிய ஜமீன்தார் படத்தின் முன் நின்றார். "பூனை எதற்கு?"

அரண்மனைப் புலவர் முந்திக்கொண்டார். "ருத்திராட்சப் பூனை கேள்விப்பட்டதில்லையா மகாராஜா? வெளியே சாது. உள்ளே வேறு."

இங்கிலீஷ் படித்து, துரைமார் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி விடுவாரா? "துரைமார் வீட்டுப் படங்களில் பார்த்திருக்கிறேன். பெண் பக்கத்தில் பூனை இருந்தால் நடத்தை சரியில்லை என்று அர்த்தம். விளக்கு வேறு எரிகிறது. தாங்கள் இல்லாதபோது, இருட்டினபிறகு உட்கார்ந்திருக்கிறார்கள்!"

நாகோஜி கும்பிட்டார். "உச்சிவேளையில் எழுதினது எஜமான். விளக்கு மங்கலத்துக்காகக் கடைசியில் சேர்த்தது. பூனை மடியைவிட்டு இறங்கமாட்டேன் என்றது, எழுதினேன்."

"விளக்குக்கு அர்த்தம் உண்டு, பூனைக்கு மட்டும் இல்லையாக்கும்?" துபாஷி சிரித்தார்.

படம் எழுதினதைப் பார்த்த வேலைக்காரிகள் எல்லாம் ஜமீன்தாரின் மூத்தாளுடைய ஊர்க்காரிகள். சாட்சி சொல்ல ஒருத்தியும் முன்வரவில்லை. பூனையை அழித்துவிடலாம் என்று நாகோஜி தூரிகையை எடுத்தார். அழித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். கீழே வைத்தார்.

"ஐயா, இன்னும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள் சிங்காரவல்லி, நாகோஜியைப் பார்த்து.

"உச்சிவேளைதான் எஜமான்" என்று சொன்னதையே சொன்னார் அவர்.

"வண்டியைப் பூட்டுங்கள். பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார் ஜமீன்தார்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். அர்த்தங்களை ஓரமாக வையுங்கள். அது பகலில் எழுதினதா, இருட்டிலா? படமே சாட்சி சொல்கிறது. எங்கே?

விடை: பூனையின் கண்ணில். இருட்டில், குத்துவிளக்கு வெளிச்சத்தில் பூனையின் கருமணி அகலமாக விரிந்திருக்கும். நூலாக ஒடுங்குவது நல்ல பகல் வெளிச்சத்தில்தான். விளக்கு, நினைத்து எழுதினது. கண், பார்த்து எழுதினது. எழுதினவருக்கே இது மறுநாள்தான் உறைத்தது. உச்சிவேளை, வர்ணக் கிண்ணங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். சிங்காரவல்லியைத் தேடி முற்றத்தில் கத்திக்கொண்டிருந்த பூனை நிமிர்ந்து அவரைப் பார்த்தது. ஜமீன்தாரிடம் ஓடினார்.

"இந்த வீட்டில் இனிப் பூனைப் பேச்சே வேண்டாம்" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.