நாலு அங்குல ரம்பம்

"டீச்சர், இந்த மெஷின் தேறுமா தேறாதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

கேட்டவர் குஞ்சிதபாதம். நாதஸ்வரக்காரர், வயது ஐம்பத்தாறு.

டீச்சர் என்றது ஜெசிந்தாவை. குஞ்சிதபாதத்தைவிட இருபது வயது இளையவர். கும்பகோணத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். பொழுதுபோக்குக்கு மரவேலை பழக வருகிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிறார்.

குஞ்சிதபாதம் வீட்டிலிருந்து தூக்கி வந்த மெஷின் பட்டறை மேசைமேல் இருந்தது. குட்டி டேபிள் சா, தட்டில் பதித்த மின் ரம்பம். தையல் மெஷின் அளவுதான். தட்டு நடுவில் நாலு அங்குல பிளேடு எட்டிப் பார்த்தது.

"என்ன செய்யுது?"

"செய்யறதையெல்லாம் தப்பாச் செய்யுது. சட்டம் ஒரு முனையில மெல்லிசா வருது, மறு முனையில தடிமனா வருது. ஓரம் கருகுது. கொஞ்சம் அழுத்தினா நின்னு போகுது. நேத்து ஒரு துண்டு எகிறி வந்து காலண்டர்ல அடிச்சுது."

"நீங்க எங்க நின்னீங்க?"

"காலண்டருக்கு முன்னாடிதான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த மேசையில் மரவேலை பழகிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஜெசிந்தாவுக்கும் பிடிக்கவில்லை.

குஞ்சிதபாதம் செய்துகொண்டிருந்தது ஒரு தேர். தேக்கு மரம், இரண்டடி உயரம். ஐந்து நிலைக்கும் சேர்த்து இருநூற்று நாற்பது மெல்லிய சட்டங்கள் வேண்டும். கை ரம்பத்தால் முப்பது அறுத்தார். அதற்கே தோள் கழன்றுவிட்டது. மெஷின் வாங்கினார்.

"வீடியோவில ஒருத்தன் பிரமாதம்ங்கறான். இன்னொருத்தன் குப்பைங்கறான். பேசாம இதை மூட்டை கட்டிட்டுப் பெரிசா ஒண்ணு வாங்கிடட்டுமா?"

"பெரிசுன்னா பயப்படுவீங்களா?"

"பயம் இருக்கத்தானே செய்யும்."

"இதுக்கு?"

"இது பொம்மை டீச்சர். இதுக்கு என்ன பயம்?"

ஜெசிந்தா ஒரு தேக்குப் பலகைத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"அறுத்துக் காட்டுங்க."

குஞ்சிதபாதம் சுவிட்சைப் போட்டார். பிளேடு கீச்சென்று கத்தியது. பலகையை வைத்து, அதன் வாலை இடது கை விரல்களால் தள்ள ஆரம்பித்தார்.

பாதி தூரம் போனதும் மோட்டார் திணறியது. மெஷின் மேசைமேல் மெல்ல நகர்ந்தது. மனிதர் விடவில்லை. இன்னும் அழுத்தினார்.

சத்தம் சட்டென்று நின்றது.

ஜெசிந்தா பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தார்.

"கையை எடுக்காதீங்க. அப்படியே வைங்க."

குஞ்சிதபாதம் அசையவில்லை. ஜெசிந்தா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பிளேடுக்கும் அவர் சுண்டு விரலுக்கும் நடுவே அதை நுழைக்கப் பார்த்தார்.

பென்சில் நுழையவில்லை.

மறுநாள் கோயிலில் கொடியேற்றம். பத்து நாள் திருவிழாவுக்கும் குஞ்சிதபாதம்தான் வாசிக்க வேண்டும். ஒரு விரல் நுனி போனால் ஒரு துளை மூடாது. துளை மூடாவிட்டால் வாசிப்பு இல்லை. கூட வரும் இரண்டு தவில்காரர்களுக்கும் தாளக்காரருக்கும் வேறு தொழில் தெரியாது. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் விரலை அங்கே வைத்திருந்தார்.

"அதான் படலியே டீச்சர்."

"படலை."

"படாது. துளையைப் பாதி மூடறதும் கால்வாசி மூடறதும் இந்த விரல்தான் செய்யுது. நாப்பது வருஷமா இடம் தப்பினதில்லை. என் விரல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

பெருமையாகத்தான் சொன்னார். அதில் பொய்யும் இல்லை.

ஜெசிந்தா மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கை மறுபடி மாட்டினார். பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குஞ்சிதபாதத்தின் சுண்டு விரல் இருந்த அதே இடத்தில் தன் சுண்டு விரலை வைத்தார்.

"நான் தள்ளுறேன். நீங்க சுவிட்சைப் போடுங்க."

குஞ்சிதபாதத்தின் கை சுவிட்ச் வரை போயிற்று. அங்கேயே நின்றது.

"விளையாடாதீங்க."

"பொம்மைதானே? போடுங்க."

"உங்க விரலுக்கு அந்தப் பழக்கம் இல்ல."

"பதினாறு வருஷமா மரத்தைத்தான் தள்ளிக்கிட்டிருக்கேன். போடுங்க."

"மெஷின் நகருது டீச்சர். தள்ளும்போது இடம் மாறுது."

"அப்ப நகராம பண்ணுங்க."

குஞ்சிதபாதம் இரண்டு கிளாம்ப் எடுத்து வந்து மெஷினை மேசையோடு சேர்த்து முறுக்கினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

ஜெசிந்தாவின் விரல் அதே இடத்தில் இருந்தது.

"இப்ப போடுங்க."

"இருங்க. பக்கக் கட்டை கோணலா இருக்கு."

பலகை சாய்ந்து ஓடுவதற்கான கட்டை அது. அதற்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளியை முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் அளந்தார். பின்னால் ஒரு மில்லிமீட்டர் குறுகலாக இருந்தது. மரம் அங்கே போய் இறுகியிருக்கிறது. இறுகினால் கருகாமல், நிற்காமல், எகிறாமல் என்ன செய்யும்? வாங்கி இரண்டு வாரமாக அவர் அதை ஒரு தரம்கூட அளந்ததில்லை. திருகைத் தளர்த்தி நேராக்கினார். மறுபடி அளந்தார். மூன்றாவது தரமும் அளந்தார்.

"இப்ப?"

"பிளேடு ரொம்ப மேல நிக்குது."

இறக்கினார். பலகைக்கு மேல் பல் மட்டும் தெரியும்படி வைத்தார். சட்டையின் முதுகு நனைந்துவிட்டிருந்தது.

"இப்ப?"

குஞ்சிதபாதம் மெஷினைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். தட்டைத் தடவிப் பார்த்தார். ஒயரைக்கூட ஓரமாக ஒதுக்கினார்.

"இனி மெஷின்ல ஏதாவது குறை இருக்கா?"

"இல்ல."

"அப்ப போடுங்க."

கட்டை விரலைச் சுவிட்சின் மேல் வைத்தார்.

ஜெசிந்தாவின் சுண்டு விரல் நகத்தில் வார்னிஷ் ஒட்டி உலர்ந்திருந்தது. குஞ்சிதபாதம் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், நூல் இடைவெளியில், பிளேடின் பல்.

அவர் கட்டை விரலைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிட்டார்.

"என்னால முடியாது."

"ஏன்? மெஷின் சரியாத்தானே இருக்கு?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு. கையை எடும்மா."

டீச்சர் என்று சொல்ல மறந்துவிட்டார்.

"நான் எடுக்கலைன்னா?"

குஞ்சிதபாதம் தானே பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் அது சுவரில் மோதியது. கோபம் வந்துவிட்டது அவருக்கு. யார் மேல் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

விறுவிறுவென்று மூலைக்குப் போனார். கழிவுக் கூடையைக் கிளறி ஒரு வேப்பந்துண்டை எடுத்தார். கை ரம்பத்தால் அறுத்தார். ஒரு முனையில் கைப்பிடி, மறு முனையில் பலகையின் வாலைக் கவ்விக்கொள்ள ஒரு பல். அரத்தால் தேய்த்து, கைப்பிடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்தார். உப்புத்தாளும் போட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. தேரின் எந்தச் சட்டத்துக்கும் அவர் இத்தனை பொறுமையாக உப்புத்தாள் போட்டதில்லை.

ஜெசிந்தா அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விரலைப் பலகையிலிருந்து எடுக்கவேயில்லை.

குஞ்சிதபாதம் கட்டையை நீட்டினார்.

"இந்தாங்க. விரல் வேண்டாம். இதால தள்ளுங்க."

ஜெசிந்தா வாங்கிப் பார்த்தார். கைப்பிடியில் ஒரு சிராய் இல்லை.

"இது எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"உங்களுக்கு?"

குஞ்சிதபாதம் தன் இடது கையை விரித்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். சுண்டு விரலில் இன்னும் தேக்குத் தூள் ஒட்டியிருந்தது.

பிறகு மூலைக்குப் போய், கூடையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தார்.