மகாராஜா ரசம் ஊற்றிய கதை

பூங்கரை ராஜா மகுடவர்மருக்குத் தன் சத்திரத்தைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. அரிசி அரண்மனை அரிசி, நெய் அரண்மனை நெய். ஆனால் சாப்பிட்டுப் போனவன் ஒருவன்கூட வாழ்த்தவில்லை. "சோறு நல்ல சோறுதான். போடுகிறவன் மூஞ்சியைப் பார்த்தால்தான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

ராஜா சத்திரத்து மணியக்காரர் விருத்தகிரியைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். விருத்தகிரி நேரே போய்ப் பரிமாறுகிறவர்களை வரிசையாக நிறுத்தினார். "நாளை முதல் எல்லாரும் சிரிக்கணும். சிரிக்காதவனுக்குச் சோறு கிடையாது."

மறுநாள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கூத்தை ஏன் கேட்கிறீர்கள். பல் மட்டும் தெரிந்தது, கண் முறைத்தது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. காசிக்குப் போகிற பெரியவர் ஒருவர், "இவன் எதுக்கு என்னைப் பார்த்து இப்படி இளிக்கிறான்? குழம்பில் என்னத்தைக் கலந்தான்?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவிட்டார்.

செய்தி அரண்மனைக்கு எட்டியது. ராஜாவுக்கு மூக்குமேல் கோபம். "செய்கிற வேலையில் மனசே இல்லாத பயல்கள். அத்தனை பேரையும் குடும்பத்தோடு ஊரைவிட்டு அனுப்புங்கள்."

அன்று மாலை, பரிமாறுகிறவர்களில் மூத்தவரான சாம்பமூர்த்தி, சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன ஆபத்சகாயத்தின் வீட்டுக்கு வந்து அழுதார். அவர் மகள் நிறைமாத கர்ப்பிணி. இந்த நிலையில் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? ஆபத்சகாயத்துக்கு மனசு கேட்கவில்லை. காலையில் முதல் ஆளாகச் சபைக்குப் போய் நின்றார்.

"மகாராஜா, சிரித்த முகமாகச் சோறு போடுவது அவ்வளவு சுலபமா?"

"இதில் என்ன ஐயா கஷ்டம்? கரண்டியை எடு, ஊற்று, சிரி. நான்கூடப் போடுவேன்."

"போடுங்களேன்."

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரே ஒரு பகல், மகாராஜா. அங்கே வேலைக்காரனுக்கு என்ன நடக்கிறதோ அதுவே உங்களுக்கும். கடைசிப் பந்திவரை முகம் சுளிக்கவில்லை என்றால் அவர்களோடு நானும் ஊரைவிட்டுப் போகிறேன். சுளித்தால் அவர்கள் இருக்கட்டும்."

"சரி, அதுவரை அவர்களும் இருக்கட்டும்" என்றார் ராஜா, மீசையைத் தடவிக்கொண்டு. ஆபத்சகாயத்துக்கு அப்போதுதான் ஆபத்து புரிந்தது. ராஜாவின் பிடிவாதம் ஊரறிந்தது.

மறுநாள் ராஜா பழைய வேட்டி கட்டி, மீசையைத் தொங்கவிட்டு, முண்டாசோடு வந்தார். "புது ஆள்" என்று ஆபத்சகாயம் ஒப்படைத்தார். வேலைக்கு வருகிறவன் முகத்தைப் பார்க்கிற வழக்கம் விருத்தகிரிக்கு இல்லை.

"ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாமா?" என்று ராஜா கேட்டார்.

"வந்ததும் வராததுமா சோறா? முதல்ல எச்சில் இலையை எடுடா."

ராஜா சிரித்துக்கொண்டே எடுத்தார். சிரித்துக்கொண்டே கிணற்றில் தண்ணீர் சேந்தினார். அடுத்தடுத்துப் பந்திகள். நெய் வாசனை மூக்கைத் துளைத்தது.

"ஐயா, ஒரு வாய் மோர்?"

"அது விருந்தாளிக்கு."

"தண்ணீராவது?"

"கிணறு எங்கே ஓடிப்போகுது? பந்தி முடியட்டும்."

ஒரு பாட்டுக்காரர், "தம்பி, வெகு பக்குவமாகப் பரிமாறுகிறாய்" என்று ராஜாவைப் புகழ்ந்தார். எங்கிருந்தோ விருத்தகிரி குதித்து வந்தார். "எல்லாம் நான் பழக்கினது" என்று பாராட்டை வாங்கிக்கொண்டு, "நீ என்ன வேடிக்கை பார்க்கிறே, நட" என்று ராஜாவின் முதுகில் ஒரு தட்டு. ராஜா அப்போதும் சிரித்தார். ஆனால் பல் மட்டும்தான் தெரிந்தது.

கடைசிப் பந்தியில் ஆபத்சகாயமே உட்கார்ந்தார். இதை விட்டால் வேறு வழி இல்லை.

"அண்ணே, கொஞ்சம் ரசம்."

ராஜா ஊற்றினார்.

"இது ரொம்பத் தெளிவாக இருக்கே. அடியில் கலக்கி ஊற்றுங்கள்."

கலக்கி ஊற்றினார்.

"இப்போது மண்டியாக இருக்கே. தெளிவாகவே ஊற்றிவிடுங்கள், அண்ணே."

"அது என்ன, வயிறா, குளமா?" என்று ராஜா வாளியை நங்கென்று வைத்தார். "கொடுத்ததைக் குடித்துவிட்டு எழுந்திரும்!"

பந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விருத்தகிரி மட்டும் அந்தக் கோடியிலிருந்து அதட்டினார்.

"டேய் புது ஆள், சிரிடா!"

ராஜா முண்டாசை உருவினார். விருத்தகிரி தடாலென்று காலில் விழுந்தார். சாம்பமூர்த்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தோற்றேன், ஐயா" என்றார் ராஜா ஆபத்சகாயத்திடம். "இவர்கள் இருக்கட்டும். ஊரைவிட்டுப் போக வேண்டியவன் இந்த மணியக்காரன்தான். விருத்தகிரி, ஒரு வாய் தண்ணீர் தராத இந்தப் புத்தியை எங்கே ஐயா கற்றீர்?"

விருத்தகிரி எழுந்திருக்காமலே அழுதார். "மகாராஜா, மாதாமாதம் சத்திரத்து நிலவரம் சொல்ல அரண்மனைக்கு வருவேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வாசலில் நிற்பேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட, சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. சத்திரம் நன்றாக நடந்தால் ஊர் ராஜாவைப் புகழும். நடக்காவிட்டால் ஏச்சு எனக்கு."

ஆபத்சகாயம் இலையை மடித்துவிட்டுப் பணிவாக எழுந்து கைகூப்பினார்.

"யாரை ஊரைவிட்டு அனுப்புவது என்று கீழேயிருந்து தேடிக்கொண்டே வருகிறோம், மகாராஜா. பரிமாறுகிறவர்களைத் தாண்டி மணியக்காரர்வரை வந்துவிட்டோம். இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. ஏறலாமா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் ரச வாளியைத் தானே மறுபடி தூக்கிக்கொண்டார்.

"யாரும் எங்கேயும் போக வேண்டாம். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் உட்காருங்கள். விருத்தகிரி, நீரும்தான். இலை போடச் சொல்லுங்கள்."