சனிக்கிழமைக்கு வந்தவர்கள்

ஆசீர் கல்லூரி மாணவர்கள் நடுவே ஊழியம் செய்துவந்தான். பாளையங்கோட்டையில் அவனுடைய வாடகை வீட்டில் சனிக்கிழமைதோறும் ஹாஸ்டல் பிள்ளைகள் ஜெபத்துக்குக் கூடுவார்கள். ஒரு நாள் அவன் எப்சிபா அக்காவைப் பார்க்கப் போனான். இந்த ஊழியத்தை அவனுக்குப் பழக்கியவர் அவர்தான்.

அக்கா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு சபையில உபதேசியார் வேலை தாறாங்க. வீடும் உண்டு. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்லதுதானே. அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"இந்த ஊழியத்துக்கு ஆண்டவர் என்னை அழைச்சாரா இல்லையான்னே தெரியலக்கா."

"இத்தனை வருஷம் கழிச்சா சந்தேகம் வருது? யாரு என்ன செஞ்சா?"

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் வந்திருந்தான். சொல்லிவிட்டான்.

"ரூபனுக்குப் போன வாரம் கல்யாணம். காலேஜ் முடியுறவரைக்கும் என் வீட்டுல கிடந்தவன். அவன் அப்பா இறந்தப்ப ஊர்வரைக்கும் கூட்டிட்டுப் போனது நான். ஒரு பத்திரிகை இல்ல. போன்ல ஒரு வார்த்தை இல்ல. ஊரெல்லாம் போட்டோவைப் பாத்த பிறகு நான் பாக்கேன்."

"வேற?"

வேறு நிறைய இருந்தது. சென்னையில் வேலை கிடைத்ததும் நம்பரை மாற்றியவன். துணிக்கடையில் எதிரே பார்த்தும் புடவையைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டவள். ஆசீர் ஒருவரையும் விடவில்லை. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. படிப்பு முடிகிறவரைக்கும்தான் அண்ணன். சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டால் அண்ணன் யாரோ.

"சபைன்னா ஞானஸ்நானத்துல இருந்து அடக்கம்வரைக்கும் ஜனங்க கூடவே இருப்பாங்க. உபதேசியாரை மறக்க மாட்டாங்க," என்றான்.

"எந்த உபதேசியார் சொன்னாரு?"

அக்கா துணியைப் பிழிந்து ஸ்கூட்டர்மேல் போட்டார்.

"நீ படிக்கும்போது சனிக்கிழமை ஜெபத்துக்கு யார் வீட்டுக்குப் போவ?"

"தேவசித்தம் அண்ணன் வீட்டுக்கு."

"உன் கல்யாணத்துக்கு வந்தாரா?"

ஆசீருக்கு முகம் கறுத்தது. "கூப்பிடணும்னுதான் இருந்தேன். அவசரத்துல..."

"மெஞ்ஞானபுரத்துல மகன் வீட்டுல இருக்காரு. பதில் சொல்றதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துட்டு வா."

வெள்ளிக்கிழமை காலையில் ஆசீர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தான். மாலையில் நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அவருக்கு என்னைத் தெரியலக்கா."

"மறதியா?"

"ஒரு மறதியும் இல்ல. சபைக்கு வந்துபோன போதகர் ஐயர்மாரு பேரெல்லாம் வரிசையாச் சொல்றாரு. என்னைத்தான் தெரியல. 'கிட்டார் வாசிப்பானே, அவனா?'ன்னு கேட்டாரு. அது சாமுவேல். 'உங்க அக்காவைத்தானே சாத்தான்குளத்துல கொடுத்திருக்கு?'ன்னாரு. எனக்கு ஏது அக்கா?"

எப்சிபா அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதீங்க. மூணு வருஷம் அவர் கையால சாப்பிட்டிருக்கேன். 'கோச்சுக்காதப்பா, நிறைய பேர் வந்தாங்க'ங்கிறாரு."

"அதோட கிளம்பிட்டியா?"

"விடணுமே. 'சாப்பிட்டியா?'ன்னாரு. இல்லன்னேன். மருமகள் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போயிட்டா. அவரே அடுப்பைப் பத்த வச்சு தோசை ஊத்தினாரு. போதும்னாலும் கேக்கல. பக்கத்துல உக்காந்து, 'வேதம் வாசிக்கியா?'ன்னாரு. வாசிக்கேன்னேன். 'பொய் சொல்லாத, முகத்தைப் பாத்தா தெரியுது'ன்னாரு."

"பொய்யா?"

"பொய்தான்."

"பிறகு?"

"மனசுல என்ன இருக்கு, சொல்லுன்னாரு. ரூபன் கதை பூராவும் சொன்னேன். கடைசிவரைக்கும் கேட்டாரு. தலையில கையை வச்சு ஜெபம் பண்ணாரு. நடுவுல கண்ணைத் தொறந்து, 'உன் பேரு என்ன சொன்ன?'ன்னு கேட்டாரு. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்து ஏத்திவிட்டாரு."

அக்கா அவன் உட்காருவதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"நான் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடல. அது என் தப்பு. ஆனா அவர் அதைக்கூட நினைக்கல. ஆளே ஞாபகம் இல்ல. அவ்வளவும் செஞ்சிட்டு ஆளைத் தெரியலன்னா, இது என்ன ஊழியம்க்கா?"

"ஆளைத் தெரியாமலே இன்னைக்கும் செஞ்சிருக்காரே," என்றார் அக்கா. "உன்னால முடியும்னா இரு. முடியாதுன்னா ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட சரின்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

ஆசீர் கிளம்பவில்லை. அக்கா இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தான்.