பண்ணையார் கண்ட பூமழை

அந்தப் பண்ணையில் கோழிக்கூண்டைப் பார்த்துக்கொண்டவள் சடைச்சி. ஈரமான உமியைத் தினமும் அள்ளிவிட்டுப் புது உமி தூவுவாள். அமாவாசைக்கு அமாவாசை மொத்தத்தையும் மாற்றுவாள்.

பண்ணையார் அம்பலவாணருக்கு அது பொறுக்கவில்லை. "கோழிக்கு மெத்தை எதுக்குடி? இனிமே உமி கிடையாது. ஆனா காலையில கூண்டுல ஒரு பொட்டு எச்சம் கிடந்தாலும் நீ குடிசையைக் காலி பண்ணிடணும்" என்றவர், உமி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரிங்க ஐயா" என்றாள் சடைச்சி. கூண்டைத் தேய்த்துக் கழுவினாள். அந்தியில் கோழிகளை உள்ளே விடாமல் கதவைச் சாத்தினாள். அவை கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பறந்து முற்றத்து வேப்பமரத்தில் அடைந்தன.

கோடைக்கு அந்த மரத்தடியில்தான் பண்ணையாரின் கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும். விடியற்காலையில் அவருக்கு ஒரு கனவு வந்தது. வெண்மேகங்களுக்கு நடுவே பல்லக்கில் மிதந்து போகிறார். தேவர்கள் பூமழை பொழிகிறார்கள். ஒவ்வொரு பூவும் வெதுவெதுப்பாக நெற்றியில் வந்து விழுகிறது.

கண் விழித்ததும் மனைவியைக் கூப்பிட்டார். "என் மேல பூமழை பெய்யுற மாதிரி கனவுடி! விடியக்காலைக் கனவு பலிக்குமாமே?"

அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பலிச்சிடுச்சுங்க. மீசையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். மேலே பார்த்தார். "அடி சடைச்சி!"

"கூண்டைப் பாருங்க ஐயா, ஒரு பொட்டு இல்லை. கோழிதான் என்னவோ, மெத்தை இருக்கிற இடமாப் பார்த்து அடைஞ்சிடுச்சு."

பண்ணையார் கிணற்றடிக்குப் போகிற வழியில் உமி அறைச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.