பல்லி ஏன் பேச்சை விட்டாள்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. சுவரில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். காதில் விழுந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. பல்லி ஒரு புளியமரத்துப் பொந்தில் குடியிருந்தாள். ஒருநாள் அதே மரத்து மைனா இரை தேடப் போன நேரம், அவள் கூட்டை நோக்கிப் பாம்பு ஏறியது. பல்லி குறுக்கே பாய்ந்தாள். பாம்பு அவள் வாலைக் கவ்வியது. வாலை அறுத்துவிட்டு ஓடிப்போனாள். துடித்த வாலை விழுங்கிவிட்டுப் பாம்பு இறங்கிப் போயிற்று. குஞ்சுகள் பிழைத்தன.

நடந்தது இவ்வளவுதான். பார்த்தது அணில் மட்டும்.

மழைக்காலம் கழிந்து பல்லிக்கு வால் மறுபடி முளைத்தது. ஆனால் அவள் வந்தாலே கிளைகளில் பேச்சு நின்றுபோனது. மைனா சிறகை விரித்துக் கூட்டை மறைத்தாள்.

"அங்கேயே நில்லடி! பாம்பைக் கூட்டி வந்தவள்தானே நீ?"

"நானா? என் வாலைக் கொடுத்தல்லவா உன் பிள்ளைகளைக் காப்பாற்றினேன்!"

"எங்கே கொடுத்தாய்? பின்னால் ஆடுகிறதே, அது என்ன?"

பல்லிக்குச் சந்தேகம் வந்தது. எவரோ வேண்டுமென்றே செய்த வேலை இது. நேரே அணிலிடம் போனாள்.

"சத்தியமாக நான் மாற்றவில்லை அக்கா. பாம்பு உன் வாலைப் பிடித்தது என்றுதான் காக்கையிடம் சொன்னேன்."

"வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது என்றேன் நான்," என்றது அவள் அடுத்துத் தேடிப்போன காக்கை. "அப்படிச் சொன்னால்தான் கேட்க நன்றாக இருந்தது. அதற்கென்ன இப்போது?"

பல்லி எவரையும் நம்பவில்லை. மரத்தில் எல்லாரையும் கூட்டினாள். "நானே சொல்கிறேன், கேளுங்கள்," என்றாள்.

"சொல்லு. பொய்யென்றால் பொந்தைக் காலி பண்ணு," என்றாள் மைனா.

பல்லி தொண்டையைச் செருமினாள். "அன்றைக்கு ஐந்து தலைப் பாம்பு ஒன்று..."

சட்டென்று நிறுத்தினாள். ஐந்தா? ஒரு தலைதானே! அதை மாற்றியது அணிலுமில்லை, காக்கையுமில்லை. அவள் வாயேதான்.

காக்கை விழுந்து விழுந்து சிரித்தது. பல்லி மரத்தைவிட்டு இறங்கி, மனிதர் வீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டாள். இனி ஒரு சொல்லும் சொல்வதில்லை, கேட்பது மட்டும்தான் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்று முதல்தான், வீட்டில் யார் என்ன பேசினாலும் பல்லி சுவரிலிருந்து 'ச்சு ச்சு' என்று மட்டும் கொட்டுகிறாள். ஆமாம் என்கிறாளா, அப்படியில்லை என்கிறாளா தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நாமும் விரலால் தரையைத் தட்டிவைக்கிறோம்.