தலைக்கணக்கு எடுக்கப் போன தேர்

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை இந்த நிமிஷமே உதிரட்டும்.

மகுடவர்மர் ஆண்ட நாட்டில் எட்டாக்குறிச்சி என்றொரு ஊர். ஊருக்குப் பாதையே கிடையாது. முதலில் முள்ளுக்காடு, அதைத் தாண்டினால் ஓடைச் சேறு. ஐப்பசியில் அந்தச் சேற்றில் இறங்கிய எருமை தையில்தான் கரையேறும். அதுவும் கன்றோடு!

அந்த ஊர் மாராக்காள் ஒருநாள் அரசவை மதியூகி தாண்டவனை அரண்மனை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, என் மகளுக்குப் பரிசம் போட்டாச்சு. மாப்பிள்ளை வீட்டுச் சீர்வண்டி எங்க வாசல்ல வந்து நின்னாத்தான் தாலியாம். வண்டி என்ன, பறந்தா வரும்? முந்தின சம்பந்தமும் இப்படித்தான் முறிஞ்சது. கல்யாணம் நடக்காத ஊர்ல எவன் இருப்பான்? இளவட்டமெல்லாம் வெளியூர் போயிடுச்சு. ராஜாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

தாண்டவன் சபையில் சொன்னான். பிரதானி செங்கோடர் குறுக்கே விழுந்தார்.

"ஆயிரம் தலை இருக்கும் ஊருக்குத்தான் பாதை. மகாராஜா போட்ட சட்டம். அங்கே இருநூறுகூடத் தேறாது."

"பாதை இல்லாததால்தான் ஆளில்லை, பிரதானியாரே."

"ஆளில்லாததால்தான் பாதையில்லை, தாண்டவா!"

சபையே சிரித்தது. தாண்டவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாராக்காள் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"மகாராஜா, இருநூறு என்று எண்ணியது யார்? ராஜா முன்னிலையில்தான் தலைக்கணக்கு எடுக்க வேண்டும் என்பது நம் முப்பாட்டன் காலத்து வழக்கமாயிற்றே?"

வழக்கம் என்றால் மகுடவர்மருக்கு உயிர். "வளர்பிறையில் புறப்படுவோம்!" என்றார்.

மாட்டிக்கொண்டவர் பிரதானிதான். அரண்மனைக்கு வெளியே ராஜாவின் பாதம் மண்ணில் படக்கூடாது என்பதும் ஒரு வழக்கம். தேரில்தான் போகவேண்டும். தேருக்கு வழி செய்வது பிரதானியின் பொறுப்பு.

தொள்ளாயிரம் ஆட்களைத் திரட்டினார் செங்கோடர். முள்ளை வெட்டி, சேற்றில் கல்லைக் கொட்டி, ஓடைக்கு மரப்பாலமும் போட்டார். அவர் தாடியிலிருந்து வழிந்த வியர்வையில் ஓடை கரைபுரண்டது என்பார்கள். நான் நம்பவில்லை. முழங்காலளவுதான்.

தேர் ஜம்மென்று வந்து மாராக்காள் வாசலில் நின்றது. எண்ணினார்கள். கைக்குழந்தைகளையும் சேர்த்து நூற்றுத் தொண்ணூறுதான் தேறியது.

"சட்டம் சட்டம்தான். பாதை கிடையாது" என்றார் ராஜா. மாராக்காள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தாண்டவன் கும்பிட்டான். "உத்தரவு மகாராஜா. ஆனால் இப்போது ஒரு பாதை கிடக்கிறதே! சட்டப்படி அழிக்க வேண்டாமா?"

"அழித்தே ஆகவேண்டும்!" என்று குதித்தார் பிரதானி.

"இப்போதே அழித்தால் தேர் எப்படித் திரும்பும்?"

"மகாராஜா போனபிறகு அழிப்போம். போட்ட தொள்ளாயிரம் பேரும் இங்கேயே தங்கி அழிக்கட்டும். கல்லை அள்ளவே மாசக்கணக்காகும்!"

"தங்குவார்களா?"

"தங்காமல் எங்கே போவார்கள்?"

"அப்போது ஊரில் ஆயிரம் தலை தாண்டிவிடும். சட்டப்படி பாதை போடவேண்டும். போட்டு முடித்து அவர்கள் போனால் தலை குறையும். மறுபடி வந்து அழிக்கவேண்டும். அழிக்க வந்தால் மறுபடி ஆயிரம்! பிரதானியாருக்கு ஆயுசுக்கும் இங்கேதான் ஜாகை. மாராக்கா, அய்யாவுக்கு ஒரு குடிசை பாரேன்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. "பாதை கிடக்கட்டும்! பிரதானி பிழைத்துப் போகட்டும்! உனக்கு என்ன வேண்டும், தாண்டவா?"

"கல்யாணத்தன்று சீர் கொண்டுவர இந்தத் தேர், மகாராஜா."

சீரோடு தேர் வந்தது. இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "தேர் சரிதான். வாசல்தான் சின்னதா இருக்கு."

இந்தக் கதையை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். பிரதானியின் கொள்ளுப்பேரன் வீட்டில் நாளைக்கு விருந்து, எனக்கும் அழைப்பு உண்டு. பாயசம் வரைக்குமாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.